அட்டையின் அளவைவிட அதன் வயதைப் பாருங்கள்

படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வவுனியாவில் ஆறு பேர் சேர்ந்து ஒரு நெல் ஆலைக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறீர்கள். சுவரில் ஒரு கன்பான் பலகை, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை எழுதி, வேலை நகர நகர அட்டையையும் நகர்த்தும் பலகை; செய்யவேண்டியது, செய்கிறோம், ரிவியூ (எழுதியதை இன்னொருவர் பார்ப்பது), டெஸ்டிங், முடிந்தது என்று ஐந்து நிரல். கிழமைக்கு ஆறு அட்டையளவில் முடிகிறது. சில அட்டை அரை நாளில் ஓடிவிடும், சில அசையவே அசையாது. இப்போது நடு நிரல்களில் 18 அட்டைகள் நிற்கின்றன. அவற்றில் மூன்றுதான் உங்களை நித்திரை கொள்ள விடுவதில்லை: நெல் கொள்வனவு 22 நாள், தமிழில் சிட்டை அச்சிடுவது 17 நாள், ஆலையின் பழைய எக்செல் கணக்கை உள்ளே கொண்டுவருவது 13 நாள். எல்லா அட்டையையும் ஒரே அளவாக வெட்டவேண்டுமா, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று முன்கூட்டியே மதிப்பிட்டு ஸ்டோரி பாயிண்ட் என்ற புள்ளி போடவேண்டுமா, சுணங்கிப்போனதைத் திரும்பவும் முதல் நிரலுக்குத் தள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுமே வேண்டாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு அட்டையும் கைக்கு வந்து எத்தனை நாள் என்பதை நாள்தோறும் பாருங்கள். கையில் இருப்பதன் எண்ணிக்கையைக் குறையுங்கள். அட்டையை உள்ளே எடுக்கும்போது அளவைப் பற்றி ஒரேயொரு கேள்வி கேளுங்கள். இனி அதன் காரணம்.

கிளிநொச்சியில் எங்கள் குழுவிலும் இதே கதைதான் நடந்தது. அட்டை பெரிதாக இருப்பதால்தான் சுணங்குகிறது என்று நம்பி, இரண்டு மாதம் வெட்டிக்கொண்டே இருந்தோம். சுணக்கம் குறையவில்லை. பிறகு ஒரு நாள், 19 நாள் எடுத்து முடிந்த ஒரு அட்டையை மேசையில் வைத்து, ஒவ்வொரு நாளும் அதற்கு என்ன நடந்தது என்று எழுதிப் பார்த்தோம். புரோகிராம் எழுதியது 2 நாள். வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மாதிரிச் சிட்டை வருமென்று காத்திருந்தது 8 நாள். ரிவியூவுக்கு யாரும் திறந்து பார்க்காமல் 4 நாள். டெஸ்டிங் வரிசையில் 3 நாள். கண்டுபிடித்த பிழைகளைத் திருத்தியது 2 நாள். ஆக 19 நாளில் வேலை நடந்தது 4 நாள்தான். மிச்சம் 15 நாளும் அட்டை சும்மா கிடந்திருக்கிறது. அந்த அட்டையைப் பாதியாக வெட்டியிருந்தால் வேலையில் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும், காத்திருப்பு அப்படியே இருந்திருக்கும். சொல்லப்போனால் இரண்டு அட்டைகள் தனித்தனியாகக் காத்துக் கிடந்திருக்கும்.

உங்கள் மூன்று அட்டைகளுக்கும் இதைச் செய்யுங்கள். ஒரு தாள் போதும், ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961இல் நிறுவியது; லிட்டிலின் விதி என்பார்கள். ஒரு அமைப்புக்குள் சராசரியாக இருப்பவற்றின் எண்ணிக்கையை, அது ஒரு கிழமையில் முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒன்று உள்ளே வந்து வெளியே போக எடுக்கும் சராசரிக் காலம் கிடைக்கும். உங்களிடம் 18 அட்டை, கிழமைக்கு 6 முடிகிறது: ஒரு அட்டைக்குச் சராசரி 3 கிழமை. யாரும் சோம்பேறி இல்லை, யாருக்கும் வேலை தெரியாமலும் இல்லை. 18ஐக் கையில் வைத்துக்கொண்டு 6 முடித்தால் கணக்கு அப்படித்தான் வரும். முடிக்கும் வேகம் மாறாமல் கையில் இருப்பதை 9 ஆக்கினால் ஒன்றரைக் கிழமை. இந்த விதியில் அட்டையின் அளவுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கையும் முடிக்கும் வீதமும் மட்டும்தான்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு, வட மாகாணத்திலேயே பெரிய குளம். அதன் கீழ் காலபோகத்தில் மழையையும் நம்பி எல்லா வயலும் விதைப்பார்கள். சிறுபோகத்துக்கு அப்படி இல்லை. மாரி முடிந்ததும் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, மாவட்டச் செயலகமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்கார அமைப்புகளும் கூடிப் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைத்து, இந்த முறை இத்தனை ஏக்கர்தான் என்று முடிவெடுக்கிறார்கள். காணி இருக்கிறது, விதைநெல் இருக்கிறது, உழவு இயந்திரம் இருக்கிறது. ஆனாலும் விதைக்கும் அளவைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். அளவை மீறி விதைத்தால், மீறினவருடைய வயல் மட்டும் காய்வதில்லை. குடலைப் பருவத்தில் வாய்க்கால் கடைக்குத் தண்ணீர் எட்டாமல் முறைப்படி விதைத்தவருடைய பயிரும் சேர்ந்து பதராகும். உங்கள் பலகையில் தண்ணீர் என்பது ஆறு பேருடைய கவனம். நீங்கள் 18 ஏக்கர் விதைத்து வைத்திருக்கிறீர்கள்.

அதனால் முதல் வேலை, நடு நிரல்களுக்கு எல்லை போடுவது. ஆறு பேருக்கு ஒட்டுமொத்தமாக 8 அல்லது 9 என்று தொடங்குங்கள். இருக்கிற 18ஐ ஒரே நாளில் 9 ஆக்க முடியாது. அது நிரம்பி வழிகிற குளம் மாதிரி. புதிதாக எதையும் உள்ளே எடுக்காமல் முடிக்க முடிந்ததை முடித்துக்கொண்டு வாருங்கள், இரண்டு கிழமையில் இறங்கிவிடும். கை ஓய்ந்தவர் புது அட்டை எடுக்கக்கூடாது. பலகையின் வலப்பக்கம் போய், முடியப்போகிற ஒன்றுக்குக் கை கொடுக்கவேண்டும். முதல் கிழமை இது சங்கடமாக இருக்கும். சிலர் சும்மா இருப்பதுபோலத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளவு. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி தீரும். கன்பானை டொயோட்டாவில் உருவாக்கியவர் தாயிச்சி ஓனோ. அங்கே ஒவ்வொரு கன்பான் அட்டையும் ஒரு பெட்டியோடு சேர்ந்தது. அந்தப் பெட்டியில் ஒரே வகை உதிரிப்பாகம், குறித்த எண்ணிக்கையில் இருக்கும். பெட்டி தீர்ந்தால் அட்டை பின்னால் போகும், அது வந்தால்தான் பின்னால் இருப்பவர் அடுத்த பெட்டியைச் செய்வார். அட்டைகள் ஒரே அளவாக இருப்பது அங்கே இயல்பு. மென்பொருளில் நாம் ஒவ்வொரு முறையும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்கிறோம். அதற்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது செய்து முடித்த பிறகே முழுதாகத் தெரியும். ஆகவே ஒரே அளவாக வெட்டப் பார்ப்பது, தெரியாததை அளந்து வெட்டப் பார்ப்பதுதான். 2004இல் மைக்ரோசொஃப்டின் ஒரு பராமரிப்புக் குழுவில் டேவிட் அன்டர்சன் என்ற மென்பொருள் நிர்வாகி கன்பான் முறையைக் கொண்டுவர உதவினார். அந்தக் குழுவின் வேலை ஐதராபாத்தில் நடந்தது. அவர்கள் செய்த முதல் மாற்றங்களில் ஒன்று, ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்கூட்டியே மதிப்பீடு போடுவதை நிறுத்தியது. குழுவின் உழைப்பில் மூன்றிலொரு பங்கை அந்த மதிப்பீடே விழுங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, கையில் எடுப்பதற்கும் எல்லை போட்டபின், ஐந்து மாதம் எடுத்த கோரிக்கைகள் இரண்டு கிழமையளவில் முடியத் தொடங்கின. ஸ்டோரி பாயிண்ட் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதுவே என் பதில்.

ஆனால் அளவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்த கடைசி 40 அட்டைகளை எடுங்கள். ஒவ்வொன்றும் கையில் எடுத்த நாளிலிருந்து முடிந்த நாள்வரை எத்தனை நாள் என்று எழுதி, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குங்கள். 34ஆவது அட்டையின் நாளைக் குறியுங்கள். 40இல் 85 வீதம் என்றால் 34. எங்களுக்கு அது 12 நாள் என்று வந்தது. அதாவது நூறில் எண்பத்தைந்து அட்டை 12 நாளுக்குள் முடிகிறது. அதுதான் எங்கள் எல்லைக்கோடு. புதிய அட்டையை உள்ளே எடுக்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் அதைப் பார்த்து, இது 12 நாளுக்குள் முடியுமா என்று மட்டும் கேட்போம். முடியும் என்றால் அரை நாள் வேலையோ ஒன்பது நாள் வேலையோ, அப்படியே உள்ளே வரும். சந்தேகம் என்றால் வெட்டுவோம். உங்களுடைய எண் முதலில் 25, 30 என்றுகூட வரலாம், பயப்பட வேண்டாம். கையிருப்பு குறையக் குறைய அதுவும் இறங்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் கணக்குப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரமும் இணையமும் போய் வேலை நின்ற நாட்களைக் கழித்துவிடத் தோன்றும். கழிக்காதீர்கள். அந்த மழை அடுத்த வருடமும் வரும், ஆலைக்காரருக்கு நீங்கள் சொல்லும் நாளில் அதுவும் அடங்கியிருக்கவேண்டும்.

எப்படி வெட்டுவது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தவறுகின்றன. நீங்கள் அனுப்பிய பலகைப் படத்தில் பார்த்தேன்: நெல் கொள்வனவை டேட்டாபேஸ், திரை, டெஸ்டிங் என்று மூன்று அட்டையாக்க யோசிக்கிறீர்கள். அப்படி வெட்டினால் மூன்றும் முடியும்வரை ஆலைக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது, ஒன்று சுணங்கினால் மூன்றும் சுணங்கும். அட்டையின் எண்ணிக்கை கூடியதைத் தவிர எதுவும் மாறியிருக்காது. ஆலை வாசலில் நடப்பதை வைத்து வெட்டுங்கள். ஒரு கமக்காரர் வருகிறார், ஒரே வகை நெல், நிறுத்து, காசு கொடுத்து அனுப்புகிறார்கள். இதுதான் முதல் அட்டை. இதற்குள் டேட்டாபேஸும் திரையும் டெஸ்டிங்கும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இது முடிந்த அன்றே ஆலையில் ஒருவர் தொட்டுப் பார்க்கலாம். அடுத்தது, நாட்டும் சம்பாவும் கலந்து கொண்டுவந்தால் வேறு வேறு விலை. அடுத்தது, ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் கழிவு. அதற்குப் பிறகு, பாதிக் காசு இப்போது, பாதி பிறகு. இப்படி வெட்டினால் இடையில் எங்கே நிறுத்தினாலும் அதுவரை செய்தது பயன்படும். காலபோக அருவி வெட்டு தை கடைசியில் தொடங்கிவிடும். ஆலை வாசலில் நெல் வந்து குவியும்போது, கடன் கணக்கு இல்லாவிட்டாலும் கொள்வனவு ஓடவேண்டும். நாள் குறித்த வேலை இது. அந்தத் திகதியை அட்டையின் மேலேயே எழுதிவையுங்கள்.

மிதமிஞ்சி வெட்டுவதும் கெடுதல். அரை மணித்தியாலத் துண்டுகளாக வெட்டினால் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும், பலகையைப் பார்த்தால் எது முடிந்தது என்றே விளங்காது. தனியாக முடித்து ஒருவர் கையில் கொடுக்கக்கூடியதைவிடச் சிறிதாக வெட்டவேண்டாம்.

அளவு உண்மையில் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் குழுவில் டெஸ்டிங் பார்ப்பது ஒரேயொரு தங்கச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலை வாசலில் ஒரே தராசு, முன்னால் எண்பது மூடையோடு ஒரு உழவு இயந்திரம், அதன் பின்னால் இரண்டு மூடையோடு சைக்கிளில் வந்தவர். இரண்டு மூடையை நிறுக்க இரண்டு நிமிடம் போதும், ஆனால் அவர் எண்பது மூடையும் இறங்கும்வரை நிற்பார். பெரிய அட்டை தனக்குச் செய்யும் கெடுதியைவிடத் தன் பின்னால் நிற்பவற்றுக்குச் செய்யும் கெடுதி அதிகம். அதோடு அந்தத் தங்கச்சி எந்நேரமும் வேலையில் மூழ்கியிருக்கிறார் என்பதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒருவர் மட்டும் வேலை செய்ய, வேலைகள் ஒழுங்கின்றி வந்து சேரும் எளிய வரிசைக் கணிப்பில், அவர் நேரத்தில் 80 வீதம் நிரம்பியிருந்தால் ஒரு அட்டை சராசரியாக நான்கு அட்டைக்குரிய நேரம் காத்திருக்கும். 90 வீதம் என்றால் ஒன்பது. 95 வீதம் என்றால் பத்தொன்பது. கடைசி ஐந்து வீதத்தில் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேலாகிறது. ஆகவே டெஸ்டிங்கை அவர் தலையில் மட்டும் வைக்காதீர்கள். எழுதியவர் அல்லாத எவரும் பார்க்கலாம் என்று ஆக்குங்கள். ரிவியூ முடிந்து டெஸ்டிங்குக்குக் காத்திருப்பவற்றுக்குத் தனி நிரல் ஒன்று கீறி, அதற்கு 2 என்று எல்லை போடுங்கள். இப்போது உங்கள் டெஸ்டிங் நிரலில் பார்க்கப்படுவதும் காத்துக் கிடப்பதும் ஒன்றாய்க் கலந்து நிற்கின்றன, வரிசை கண்ணுக்குத் தெரியவில்லை.

இனி சுணக்கம். காலைக் கூட்டத்தில் நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய் என்று ஆளை ஆளாகக் கேட்பதை விடுங்கள். பலகையின் முன் நின்று, வலப்பக்கமிருந்து, வயது கூடிய அட்டையிலிருந்து தொடங்குங்கள். அட்டையைக் கையில் எடுத்த நாளை அதன் மூலையில் எழுதுங்கள். ஒவ்வொரு நாள் காலையும் ஒரு பொட்டு வையுங்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே பொட்டு நிறைந்த அட்டை தெரியும். முன்பு அடுக்கிய 40 அட்டையில் 20ஆவதும் 28ஆவதும் எத்தனை நாள் என்று பாருங்கள். எங்களுக்கு 5, 8 என்று வந்தது. ஐந்து பொட்டு தாண்டினால் என்ன தடை என்று கேட்போம். எட்டுத் தாண்டினால் இரண்டாமவர் ஒருவர் சேர்ந்துகொள்வார். பன்னிரண்டை நெருங்கினால் அன்றே முடிவெடுப்போம்: வெட்டுவதா, எல்லோரும் கூடி முடிப்பதா, அல்லது இது வேண்டாம் என்று மூடுவதா. மூடுவதற்கு வெட்கப்படவேண்டியதில்லை. 12 நாள் தாண்டின பிறகு ஏன் என்று விசாரிப்பது செத்த பிறகு வைத்தியரைக் கூப்பிடுவது. ஐந்தில் கேட்பதுதான் வைத்தியம்.

தடைப்பட்ட அட்டையில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டுங்கள். யாருக்காகக் காத்திருக்கிறோம், எந்த நாளிலிருந்து, அடுத்து யார் எந்த நாளில் போய்க் கேட்பார் என்று மூன்றும் அதில் இருக்கவேண்டும். மூன்றாவது இல்லாத சிவப்புத் தாளால் பிரயோசனம் இல்லை. 'காத்திருப்பு' என்று ஒரு நிரல் கீறி அங்கே தள்ளிவிடாதீர்கள். எல்லையில்லாத அந்த நிரல் ஒரு மாதத்தில் புதைகுழியாகிவிடும். தடைப்பட்டதும் கையிருப்புக் கணக்கில் சேரவேண்டும், அப்போதுதான் அதை விடுவிக்க எல்லோருக்கும் அவசரம் வரும். முதல் நிரலுக்குத் திருப்பித் தள்ளக்கூடாது என்பதும் இதனால்தான்: 22 நாள் என்ற உண்மை அழிந்து மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும், கணக்கு பொய்யாகும். உண்மையிலேயே செய்யப்போவதில்லை என்றால் மூடிவிட்டு, தேவைப்படும் நாளில் புதிதாக எழுதுங்கள்.

தடை நீங்கிய பிறகு அந்தச் சிவப்புத் தாள்களை எறியாமல் ஒரு பெட்டியில் போடுங்கள். மாதக் கடைசியில் கொட்டி, ஒரே காரணங்களை ஒன்றாக அடுக்குங்கள். எங்கள் பெட்டியில் பாதிக்கு மேல் ஒரே காரணம்: வாடிக்கையாளரிடமிருந்து மாதிரிச் சிட்டை, பழைய பதிவேடு, விலைப்பட்டியல் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம். மாதிரி கையில் வராத அட்டை 'செய்கிறோம்' நிரலுக்குள் காலடி வைக்கக்கூடாது. வேறு எந்த மாற்றத்தையும்விட இந்த ஒரு விதிதான் எங்கள் நாட்களைக் குறைத்தது.

உங்கள் மூன்று அட்டைக்கு வருகிறேன். கொள்வனவு அட்டையை இன்றே வெட்டுங்கள். ஒரு வகை நெல், காசுக் கொடுப்பனவு மட்டும் அதிலேயே, அதே தொடங்கிய திகதியோடு இருக்கட்டும். ஈரப்பதன் கழிவையும் கடனையும் புதிய அட்டைகளாக முதல் நிரலில் வையுங்கள். சிட்டை அச்சு 17 நாளாக நிற்பதற்குக் காரணம், ஆலையின் அச்சுப்பொறியில் தமிழ் எழுத்து உடைவதும், அந்த அச்சுப்பொறியை உங்களில் எவரும் நேரில் பார்க்காததும் என்று எழுதியிருந்தீர்கள். தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நாளை காலை ஒருவர் மடிக்கணினியோடு ஆலைக்குப் போய், எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பினால் அச்சாகிறதா என்று அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வரட்டும். வரும்போது ஐந்தாறு பழைய சிட்டைகளையும் வாங்கி வரச் சொல்லுங்கள். எக்செல் கணக்கை நான் மூடிவிடுவேன். அருவி வெட்டுக்கு முன் அது தேவையில்லை. பழைய நிலுவைகளை மட்டும் ஆலைக் கணக்காளரோடு இருந்து ஒரு பின்னேரத்தில் கையால் அடித்து ஏற்றலாம், பங்குனியில் நெல் வரத்து ஓய்ந்த பிறகு மிச்சத்தைப் பார்க்கலாம்.